நாற்பத்திரண்டு பெயர்கள், ஒரே கையெழுத்து

தன்னார்வலர்களை எப்படித் திரட்டுவது என்று நம் மென்பொருள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். போன மாதக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தும்போது, "படுத்துக் கிடந்த தமிழாக்கத் திட்டத்துக்கு ஒரே மூச்சில் நாற்பது பேரைச் சேர்த்து எழுப்பி நிறுத்தியவர்" என்று ஒருவர் மைக்கில் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் வெட்கமில்லாமல் கும்பிடு போட்டேன். அந்தச் சால்வை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. அதை எடுத்துப் போர்த்திக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் நாலு பக்கத்தையும் அந்த நாற்பது பேருக்கே ஒதுக்கிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டுச் சால்வையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு அப்போது பெங்களூரில் புரோகிராமர் வேலை. வீடு கோலார் தங்கவயலில். அப்பா வேலூர்ப் பக்கமிருந்து இங்குள்ள இயந்திரத் தொழிற்சாலைக்கு ஃபிட்டராக வந்தவர். எங்கள் மாரிகுப்பம் ஸ்டேஷனில் விடியற்காலை வண்டியைப் பிடித்தால் பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். சாயங்காலம் அதே வண்டிக் கூட்டத்தோடு திரும்ப வேண்டும். என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் அந்த வண்டியில்தான் கிழவர்களானோம்.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற கட்டற்ற மென்பொருள் உங்களுக்குப் பழகிய சங்கதி. அன்றைக்கு அதைச் சொன்னால், "சும்மா குடுக்கறானா, அப்ப அதுல இன்னாமோ கோளாறு இருக்குது" என்பார்கள். அப்படி ஒரு மென்பொருளின் திரையில் வரும் சொற்களையெல்லாம் தமிழாக்கும் திட்டம் ஒன்று இருந்தது. வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த சில தமிழ்ப் பையன்கள் ஆரம்பித்தார்கள். பரீட்சை வந்தது, வேலை வந்தது, கல்யாணம் வந்தது, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் எங்கள் மின்னஞ்சல் மடற்குழுவில் நான் எழுதிய கடிதத்துக்கு நானே பதில் எழுதும் நிலைமை. வேறு நாதியில்லாததால் நான் பொறுப்பாளன்.

எல்லா மொழிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருவர் ஐரோப்பாவில் இருந்தார். ஒருநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வேலை நடக்காத மொழிகளை அடுத்த வெளியீட்டில் எடுத்துவிடப் போகிறார்கள். தமிழுக்கு ஆள் இருக்கிறார்களா என்று மூன்று மாதத்துக்குள் காட்ட வேண்டும். கறாரான பேச்சு, ஆனால் நியாயமான பேச்சு. எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் கையில் இருக்கும்போதா தமிழை எடுப்பார்கள் என்று மறுநாள் விடியற்காலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வண்டியேறினேன்.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதற்குப் பெயர் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவா, திருப்பதிக்கு வேன் வைக்கிறார்களா, சங்கத்து மனுவா, "என் பேரையும் எழுதிக்கோபா" என்பார்கள். தினமும் முகத்தைப் பார்க்க வேண்டியவனிடம் முடியாது என்று சொல்ல மனசு வராது. அதே சமயம், எழுதிக்கொண்டவனும் அதை நம்பிவிடக் கூடாது. இது எங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினேன்.

எங்கள் பெட்டியில் சீட்டுக் கச்சேரிக்குத் தலைவர் ராஜரத்தினம். பெங்களூரில் லேத் ஓட்டுபவர். கையில் சீட்டை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, நிமிராமலே கேட்டார்.

"தமிளுக்கா? எழுதிக்கோ. இவன் பேரு, அவன் பேரு, எல்லாத்தையும் எழுதிக்கோ. இன்னா செய்யணும்?"

"ஒரு தாளுக்குப் பத்து இங்கிலீஷ் வார்த்தை. பக்கத்துல தமிழ்ல எழுதணும். அவ்வளவுதான்."

"அவ்ளோதானா. குடு, குடு."

ஒரே வாரத்தில் நாற்பத்தோரு பெயர். தாள்களும் கொடுத்தேன். திரும்பி வந்தவை கொஞ்சம். அவற்றிலும் டீ வட்டமும் சீட்டாட்டக் கணக்கும்தான் இருந்தன. ஒருவர் தாளில் வடை சுற்றி வந்தது. ராஜரத்தினம் மட்டும் வாரம் தவறாமல் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்துக்குப் பத்தும் எழுதியிருக்கும். பென்சிலில் குண்டு குண்டான எழுத்து. சில இடங்களில் ஓரத்தில் கேள்வியும் இருக்கும். லேத் ஓட்டுகிற மனுஷனுக்கு இப்படி ஒரு கையா என்று அசந்துபோனேன். மூன்றாவது வாரம் பாராட்டினேன். அவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் எங்கப்பா எழுதறேன். எங்க லைன் வீட்டு வரிசையில ஜெயமணின்னு ஒரு பொண்ணு. மைன்ஸ்ல டைம் ஆபீஸ் கிளார்க்கு. தாளப் பாத்துட்டு நான் எழுதறேண்ணேன்னு வாங்கிக்கினா."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனேன். ஜெயமணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் சுரங்கத்துக்குள் வேலை பார்த்து, மார்புச் சளி முற்றி இறந்துபோனவர். அந்த வேலைக்குப் பதிலாக இவருக்கு டைம் ஆபீசில் இடம் கொடுத்திருந்தார்கள். எட்டாவது படிக்கும் ஒரு மகள். நான் உட்கார்வதற்குள் தாளை எடுத்து நீட்டினார்.

"சார், 'எக்ஸிட்'டுக்கு 'வெளியேறு'ன்னு எழுதிருக்கேன். அது யாரு யாருக்குச் சொல்றது? மிஷினு நம்மளப் பாத்து வெளிய போன்னுதா? இல்ல நாம மிஷினுக்குச் சொல்றதா? மிஷினு சொல்றதுன்னா மரியாதையா சொல்லட்டும். நாம சொல்றதுன்னா இப்டியே இருக்கட்டும்."

வெளிநாட்டில் படித்த பையன்கள் இரண்டு வருஷமாகச் சண்டை போட்டும் தீராத விஷயம். இவர் கணினியைத் தொட்டதுகூட இல்லை. அவர் கேள்வியை நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

டைம் ஆபீசில் என்ன வேலை என்று கேட்டேன். டோக்கன் பலகை என்றார். ஷாப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் பெயரும் எண்ணும் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், மேலே வந்ததும் பலகையில் மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்த பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அதைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை.

"மூடப்போறாங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க சார். மூடினா பொண்ணு படிப்புக்கு நான் பெங்களூர்லதான் எதுனா பாக்கணும். அதான் கேக்கறேன். நான் எழுதனதுக்கு என் பேரு அதுல வருமா?"

"வரும். உள்ளேயே ஒரு பட்டியல் இருக்கு. உலகத்துல எவன் திறந்தாலும் தெரியும்."

"அப்ப மு. ஜெயமணின்னு போடுங்க. இனிஷியலோட."

மூன்று மாதத்தில் அந்தப் பெண் எழுதிக் குவித்தது ஆயிரத்துக்கு மேல். பழைய வருகைப் பதிவுத் தாள்களின் பின்பக்கம் கோடு போட்டு எழுதிக் கொடுப்பார். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்வேன். என் பங்கு அவ்வளவுதான்.

இனிமேல் எழுதுவதற்குக் கை கூசுகிறது.

கெடு நெருங்கியபோது என்னிடம் வேலை இருந்தது, ஆனால் ஆள் ஒருவர்தான். ஒரே ஒருவர் என்று காட்டினால் அவர் நின்ற அன்றைக்குத் தமிழும் நின்றுவிடும் என்று நினைத்துத் தூக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். பயம் பாதி. மீதி பகட்டு. ஜெயமணியின் ஆயிரத்துச் சொச்சம் வரிகளைக் கூறு போட்டேன். இந்த முப்பது ராஜரத்தினம், இந்த இருபத்தைந்து அவர் எதிர் சீட்டுக்காரர் என்று ஒப்புக்குச் சப்பாணிகள் நாற்பத்தோரு பேருக்கும் பங்கு வைத்து, நாற்பத்திரண்டாவதாக ஜெயமணிக்கும் ஒரு பங்கு வைத்து அனுப்பினேன். அந்த அம்மாள் மகிழ்ந்துபோனார். சுரங்க ஊரின் ரயில் பயணிகள் ஒன்றுசேர்ந்து தங்கள் மொழியைக் கணினிக்குள் ஏற்றுகிறார்கள் என்று எல்லா மொழிக்காரர்களுக்கும் எழுதினார். எனக்கு வாழ்த்துகள் வந்து குவிந்தன. நான் அவற்றை அச்செடுத்து வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாளில் அடுத்த கடிதம் வந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும், 'என் உழைப்பை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கச் சம்மதம்' என்று தன் முகவரியிலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராத பெயர்கள் நீக்கப்படும்.

ராபர்ட்சன்பேட்டையில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ராஜரத்தினத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கினேன். இன்னும் நாற்பது உண்டாக்க வேண்டும். இரண்டாவதற்குக் கை வரவில்லை. திருட்டுக்குக்கூட ஒரு துணிச்சல் வேண்டும், அதுவும் இல்லை என்னிடம். கடைக்காரர் எட்டிப் பார்த்தபோது கணினியை அணைத்துவிட்டு எழுந்தேன்.

கவனித்தீர்களா? ஜெயமணியை அந்தக் கடைக்கு அழைத்துப் போய் அவர் பெயரில் ஒரு வரி அனுப்பப் பத்து நிமிஷம் போதும். அவர் பெயர் நிஜம். அது நின்றிருக்கும். ஆனால் நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் மட்டும் பதில் போட்டால், மற்றவர்கள் எங்கே என்று கேள்வி வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். ஒரு பருக்கையை விலக்கினாலும் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பதில் எழுதினேன். 'இவர்கள் மின்னஞ்சல் வசதியில்லாத எளிய மக்கள். வேலை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் என் பெயரில் பதிந்துகொள்ளுங்கள்.' அந்த அம்மாள் உடனே ஒத்துக்கொண்டார். தமிழ் தப்பித்தது. நானும் தப்பித்தேன்.

வெளியீடு வந்ததும் ஜெயமணி, "என் பேரு வந்துச்சா சார்?" என்று கேட்டார்.

"வந்துடுச்சு" என்றேன்.

சில மாதங்களில் சுரங்கத்தை மூடினார்கள். ஜெயமணிக்குப் பெங்களூரில் ஒரு நேர்காணல் வந்தது. மென்பொருள்களைத் தமிழில் மாற்றித் தரும் சின்ன நிறுவனம். அவர் நேர்காணலுக்குப் போன அன்று ராஜரத்தினம் கைக்குட்டை போட்டு, என் பக்கத்தில் அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். புதுச் சேலை, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"டிகிரி கேட்டாங்கன்னா இல்லம்பேன் சார். ஆனா நீங்க பண்ற மாதிரி ஒண்ணுல என் பேரு இருக்குது, தொறந்து பாருங்கன்னு சொல்லப் போறேன். கரெக்டுதானே?"

இரண்டு மணி நேரம் இருந்தது எனக்கு. பங்காருபேட்டையில் வண்டி நின்றபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டேன். மாலூர் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். எதிரே ராஜரத்தினம் உட்கார்ந்திருந்தார், அவர் காதில் விழுந்துவிடுமே என்று விட்டுவிட்டேன். ஒயிட்பீல்டு வந்தபோது, ஒருவேளை அவர்கள் திறந்து பார்க்காமலே போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கும்போது, "ஆல் தி பெஸ்ட்" என்றேன். ஆயுசில் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அது.

சாயங்கால வண்டியில் அவர் பெண்கள் பெட்டிக்குப் போகாமல் எங்கள் பெட்டியைத் தேடி வந்து, என் எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் கோபமில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"தொறந்து பாத்தாங்க சார். எல்லாத்துலயும் உங்க பேருதான் இருந்துது. அந்த மேடம் நல்ல மாதிரி. இன்னொரு வாட்டி தேடிப் பாத்தாங்க. அப்றம், இப்டிப் பொய் சொல்லக் கூடாதும்மான்னாங்க."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பெயர்கள், பங்கு வைத்தது, பிரவுசிங் சென்டர், வெள்ளிக்கிழமை மின்னஞ்சல், எல்லாம். ராஜரத்தினம் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பெட்டியே கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயமணி கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்.

"எங்க போர்டுல ரெண்டு தப்பு நடக்கும் சார். கீழ எறங்காதவன் எறங்கிட்டான்னு பிரண்டு ஒருத்தன் அவனுக்கும் டோக்கன் எடுத்துடுவான். அது ஹாஜருக்காகப் பண்றது. புடிச்சா மெமோ குடுப்பாங்க, அத்தோட போச்சி. இன்னொண்ணு, ஆள் உள்ளாற இருக்கும்போதே யாராவது அவன் டோக்கன போர்டுல மாட்டிடறது. அப்டி மாட்டிட்டா அவனத் தேடிக்கினு யாரும் எறங்க மாட்டாங்க. நீங்க மொத தப்ப மறைக்கறதுக்கு ரெண்டாவத பண்ணிட்டீங்க."

அதற்குப் பிறகு ஊர் வரும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். அழுது என்ன பயன், அவருக்கு அந்த வேலை போனது போனதுதான்.

மறுநாளே அந்த ஐரோப்பிய அம்மாளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். மடற்குழுவிலும் எழுதினேன். அந்த நிறுவனத்துக்கும் நேரில் போய் அந்த மேடத்திடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முந்தின நாளே வேறொருவரை எடுத்தாகிவிட்டது என்றார். வேலை செய்தவர் ஜெயமணி, தட்டச்சு மட்டும் நான் என்று திருத்தினோம். அடுத்த வெளியீட்டில் அது வர ஆறு மாதம் ஆனது.

வண்டியில் ஒரு வாரம் என்னோடு யாரும் பேசவில்லை. "எங்க பேர இன்னாத்துக்குய்யா வித்த?" என்று ராஜரத்தினம் கேட்டது மட்டும்தான். பிறகு ஒருநாள் காலை என் மடியில் ஒரு தாளைப் போட்டார். கோணல்மாணலான எழுத்து, நாலு அடித்தல். பத்தில் ஏழுதான் எழுதியிருந்தார்.

"இந்த ஏழு நான் எழுதனது. இதுக்கு மட்டும் என் பேரு போடு. எட்டாவதுக்குப் போட்ட, கைய ஒடிச்சிடுவேன்."

அந்த ஏழு வார்த்தையிலிருந்துதான் திட்டம் உண்மையில் எழுந்தது. அவரைப் பார்த்து எதிர் சீட்டுக்காரர் மூன்று எழுதினார். மடற்குழுவில் கழன்றுகொண்டவர்களில் இரண்டு பேர், "எங்களாலும் வாரத்துக்கு ஐந்துதான் முடியும், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தோம்" என்று திரும்பி வந்தார்கள். இரண்டு வருஷத்தில் பதினோரு பேர். நாற்பத்திரண்டு ஒருபோதும் ஆகவில்லை. மேடையில் சொன்ன கணக்கு பொய் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த அம்மாள் எல்லா மொழிக்காரர்களுக்கும் எழுதிய பழைய கடிதத்தை யாரோ இணையத்தில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்து நான் எழுதிய ஒப்புதல் கடிதத்தை யாரும் தோண்டவில்லை. நானும் மேடையில் எழுந்து மறுக்கவில்லை. இத்தனை வயசுக்கு அப்புறமும் நான் திருந்தின லட்சணம் இது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். யாரிடமும் பெயர் கேட்டுக்கொண்டு போகாதீர்கள், வேலையைக் கேளுங்கள். வேலை வந்த பிறகு பெயரை எழுதுங்கள், எழுதினதை அவரிடமே காட்டுங்கள். ஆள் இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள். தமிழை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேனே, பின்னால் அந்த அம்மாளைக் கேட்டேன். ஒருவர் ஒழுங்காக வேலை செய்தாலும் வைத்திருப்போம் என்றுதான் பதில் வந்தது. நான் கேட்டே பார்க்கவில்லை.

ஜெயமணி பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்து, அதே விடியற்காலை வண்டியில் பெண்கள் பெட்டியில் வந்துபோனார். திருத்தின வெளியீடு வந்த அன்று, அவர் பெயர் இருந்த பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மாரிகுப்பம் பிளாட்பாரத்தில் அவரைத் தேடிப் போனேன். மு. ஜெயமணி, இனிஷியலோடு. அவர் வாங்கி, விரலை வைத்து ஒருமுறை படித்தார். நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்னும் நிறைய வார்த்தை பாக்கி இருக்கிறது, தாள் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார்" என்றார். "நான் மேல வந்துட்டேன். என் டோக்கன நானே மாட்டிட்டேன்."

வண்டி கிளம்பப் போகிறது என்று யாரோ உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஏறிப் போய்விட்டார்.